டெல்பர்ட்டுக்கு ஒரு ரன்னர்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், அயர்ன்வுட் ஃப்ளாட்ஸ் முதியோர் குடியிருப்பைச் சேர்ந்த பாலைப்பன்றிகள் சாஃப்ட்பால் அணி, இந்தப் பருவத்தில் கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுக்குள் காலடி எடுத்து வைத்திருக்கிறது. எங்கள் லீக்கின் தலைவர் வெண்டெல் ஆஷ்கிராஃப்ட், மண்டையைப் பிளக்கும் வெயிலில் கோட்டு மாட்டிக்கொண்டு ஒலிபெருக்கியில் இப்படித்தான் அறிவித்தார். எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார். எழ முடிந்தவர்கள் எழுந்தார்கள். அடுத்தபடியாக, எங்கள் அணியின் டெல்பர்ட் க்ரோய் காலமான செய்தியை அறிவித்தார். இந்த வரிசையில்தான்.

உட்காருங்கள், அம்மா. நாற்காலியில் இருக்கும் ஐஸ் பையைத் தரையில் வைத்துவிடுங்கள், அது என் தோளுக்கு. ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து ஆள் வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். டெல்பர்ட்டின் மனைவி நோரீன் புகார் கொடுத்திருக்கிறார், இல்லையா? அவர் சொன்னதில் பொய் எதுவும் இருக்காது. நூலகத்தில் வேலை பார்த்தவர். எதை எந்த அடுக்கில் வைக்க வேண்டும் என்று தெரிந்தவர்.

நான் இந்த அணிக்கு ஒன்பது வருடமாக மேனேஜர். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். யார் எங்கே நிற்பது, யார் எப்போது அடிப்பது, யாருக்கு மாத்திரை நேரம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வயது வித்தியாசமில்லாமல் எல்லோரும் என்னிடம் கோபித்துக்கொள்வார்கள். இந்த ஒன்பது வருடத்தில் கோப்பை ஒருமுறைகூட எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கோப்பை என்பதும் ஒரு சாண் உயர பிளாஸ்டிக்தான். வெண்டெல் அதை வெல்வெட் துணியில் சுற்றி, கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு வருவார். அதைப் பார்த்து நான் எவ்வளவோ சிரித்திருக்கிறேன். ஆனால் அது எனக்கு வேண்டியிருந்தது. என் வயதில் ஒன்று வேண்டும் என்று தோன்றுவதே அபூர்வம். பெரும்பாலும் தூக்கம்தான் வேண்டியிருக்கிறது.

ரன்னர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால் மற்றது புரியாது.

எங்களுக்கு அடிப்பது வேறு, ஓடுவது வேறு. அடிக்கத் தோளும் கண்ணும் போதும். ஓட முட்டி வேண்டும், நெஞ்சு வேண்டும். அதனால் பந்தை அடித்துவிட்டு, களத்தின் முதல் முனையான முதல் பேஸ் வரைக்கும் எப்படியாவது போய்ச் சேர்ந்துவிட்டால், அதற்குமேல் ரன்னர் வாங்கிக்கொள்ளலாம். மிச்ச இரண்டு பேஸ்களையும் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து ஓட்டம் எடுக்கும் வேலையை ஓர் இளைஞன் பார்த்துக்கொள்வான். எங்கள் அணியில் அந்த இளைஞன் கர்ட்டிஸ். வயது அறுபத்தேழு.

ஆனால் ரன்னர் வேண்டும் என்று ஆடுகிறவர் வாய் திறந்து கேட்பதில்லை. கேட்கலாம் என்றுதான் விதியில் இருக்கிறது. நாங்கள் கேட்பதில்லை, அவ்வளவுதான். மேனேஜர் கையைத் தூக்க வேண்டும். அவர் முடியாது என்று சொல்ல வேண்டும். மேனேஜர் மறுபடி தூக்க வேண்டும். அவர் என்னைத் திட்டிக்கொண்டே வெளியே வர வேண்டும். மானம் கெடாமல் ஒரு கிழவன் பெஞ்சில் வந்து உட்கார எங்களுக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான்.

இதில் டெல்பர்ட்டை அடித்துக்கொள்ள ஆளில்லை. முதல் பேஸில் நின்றுகொண்டு, இடுப்பில் கைவைத்து, மைதானம் முழுக்கக் கேட்கும்படி ஆரம்பிப்பார்.

“யோவ் மெர்ல், கைய எறக்குய்யா. எனக்கு என்ன பாடையா கட்டிட்டாங்க?”

“இன்னும் கட்டல. கட்டறதுக்குள்ள வந்து உக்காரு.”

“உன் மூஞ்சிக்கு நீ மேனேஜரு. ஒனக்கு நான் ஓடட்டுமா சொல்லு, ஒன்னையும் தோள்ல தூக்கிட்டு ஓடறேன்.”

அப்புறம் வருவார். பக்கத்தில் உட்கார்ந்து என் சட்டைப் பையில் கையை விட்டுச் சூரியகாந்தி விதையை அள்ளிக் கொறிப்பார். நன்றி என்றெல்லாம் சொல்ல மாட்டார். அந்த விதைதான் நன்றி.

ஜனவரியில் நோரீன் என்னை மளிகைக் கடையில் பிடித்தார். நான் முலாம்பழத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மெர்ல், டாக்டர் அவர ஓடவே கூடாதுன்னு சொல்லிட்டார். நெஞ்சு தாங்காதாம். நான் சொன்னா கேக்க மாட்டார். நீங்களே டீம்லேர்ந்து எடுத்துடுங்க.”

“எடுத்தா என்கூட ஜென்மத்துக்கும் பேச மாட்டார், நோரீன்.”

“பேசாம இருந்தா என்ன. உயிரோட இருக்கட்டுமே.”

தவறாமல் ரன்னர் போட்டுப் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அன்றிலிருந்து வாராவாரம் வாழைப்பழ ரொட்டி சுட்டு அனுப்பினார். நன்றாகவே இருக்கும். நானும் வாக்குத் தவறவில்லை, மார்ச் வரைக்கும்.

மார்ச்சில் டுவெய்ன் பெக்கர் நெப்ராஸ்காவிலிருந்து எங்கள் தெருவுக்குக் குடிவந்தார். வயது அறுபத்தாறு. முட்டி இரண்டும் புதிது, பளபளவென்று உள்ளே டைட்டானியம். அவர் சும்மா விளையாட்டுக்கு அடித்த முதல் பந்து, வேலியைத் தாண்டி கோல்ஃப் குளத்தில் விழுந்தது. வாத்துகள் எழுந்து பறந்தன. அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்த எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வெண்டெல் அவருக்கு உடனே ‘ஏ’ தரம் கொடுத்தார். ஓர் அணியில் ‘ஏ’ தரத்தார் மூன்று பேருக்கு மேல் இருக்கக் கூடாது. எங்களிடம் மூன்று பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் டெல்பர்ட். அந்தத் தரம் அவர் எப்போதோ நன்றாக அடித்துக்கொண்டிருந்த காலத்தில் வாங்கியது. இப்போது பந்து பாதி தூரம் உருண்டு நின்றுவிடுகிறது. தரத்தைக் குறையுங்கள் என்று வெண்டெலிடம் கேட்டுப் பார்த்தேன். ‘ஏ’ தரம் என்பது ஒரு கௌரவம், கொடுத்த கௌரவத்தை லீக் திரும்பப் பெறுவதில்லை என்று சொன்னார். அவர் பதவிக்காலத்தில் எடுத்த ஒரே கொள்கை முடிவு அது.

எந்த அணியில் ‘ஏ’ இடம் முதலில் காலியாகிறதோ, டுவெய்ன் அங்கே போவார். கழுகுகள் அணியின் ‘ஏ’ தரத்தார் ஒருவர் மகள் வீட்டோடு போய்விடுவதாக இருந்தார், வீடு விற்றதும். நான் தினமும் கோல்ஃப் வண்டியில் அந்த வீட்டு வழியாகப் போய் வந்தேன். ‘விற்பனைக்கு’ பலகை நின்றுகொண்டிருந்தது. ஒருநாள் அதன்மேல் ‘விலை பேசியாயிற்று’ என்று குறுக்கே ஒட்டியிருந்தார்கள்.

நீங்கள் கேட்க வருவது தெரிகிறது. டெல்பர்ட்டுக்கு உடம்பு முடியவில்லை என்று மேனேஜர் ஒரு வார்த்தை சொன்னால் இடம் காலியாகிவிடும். நோரீனும் அதைத்தானே கேட்டார்? உண்மைதான். ஆனால் பதினான்கு வருடப் பழக்கம், அம்மா. அப்படிப்பட்ட ஒருவர் முகத்தைப் பார்த்து, உனக்கு வயதாகிவிட்டது, கிளம்பு என்று சொல்வது லேசான காரியமா? சொல்லிப் பார்க்க இரண்டு தடவை அவர் வீட்டு வாசல் வரைக்கும் போனேன். உள்ளே டெல்பர்ட் மட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன். எனக்கு யார் மனதையும் நோகடித்துப் பழக்கமில்லை.

பருவத்தின் கடைசி ஆட்டம். காலையிலேயே அனல். டெல்பர்ட் தட்டிய பந்து, பந்து வீசுகிறவரின் காலடியில் உருண்டது. அவர் குனிந்து முடிப்பதற்குள் டெல்பர்ட் முதல் பேஸுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் வழக்கம்போல மூன்றாவது பேஸ் ஓரம் நின்றிருந்தேன், ஓடி வருகிறவர்களுக்குக் கைகாட்ட. அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். வசவு தயாராக இருந்தது. நான் கையைத் தூக்க வேண்டியதுதான் பாக்கி.

நான் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினேன்.

நிமிர்ந்தபோது அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். பெஞ்சிலிருந்து கர்ட்டிஸ் பாதி எழுந்து, “மெர்ல், நான் போவட்டா?” என்றான். “உக்காரு, அவரே ஓடுவார்” என்றேன். டெல்பர்ட்டுக்கு அது கேட்டது. இடுப்பிலிருந்து கையை எடுத்தார். கேட்டு வாங்குகிற மனிதர் இல்லை அவர்.

என் ஷூவில் கயிறு கிடையாது என்று கர்ட்டிஸ் உங்களிடம் சொல்லியிருப்பான். ஒட்டுப்பட்டைதான். இந்த முதுகை வைத்துக்கொண்டு யார் கயிறு கட்டுவது?

அடுத்து வந்தவர் வலது மூலைக்கு ஓங்கி அடித்தார். டெல்பர்ட் ஓட ஆரம்பித்தார். இரண்டாவது பேஸைத் தாண்டி என்னை நோக்கி வந்தார். மூன்றாவது பேஸில் நிற்பவனுக்கு இரண்டே வேலை. இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினால், நில் என்று அர்த்தம். கையைச் சுழற்றினால், நிற்காதே, ஓடு என்று அர்த்தம். ஓடி வருகிறவர் பந்து எங்கே என்று திரும்பிப் பார்க்க மாட்டார். கையை மட்டும்தான் பார்ப்பார். அவர் முகம் பழைய செய்தித்தாள் நிறத்தில் இருந்தது. வாயைத் திறந்தபடி என் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். அவ்வளவு நம்பிக்கையோடு என்னை அண்மையில் யாரும் பார்த்ததில்லை.

நான் கையைச் சுழற்றினேன்.

அவர் போய்ச் சேர்ந்தார். புறப்பட்ட இடத்தில் பதித்திருக்கும் தட்டை மிதித்தார். முட்டியில் கையூன்றி நின்றார், அப்புறம் உட்கார்ந்தார், அப்புறம் படுத்துக்கொண்டார். எல்லோரும் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். எங்கள் ஊர் ஆம்புலன்ஸ்காரர்களுக்கு வழி சொல்லவே வேண்டாம், வாராவாரம் வருகிறவர்கள். நான் நடுவரிடம் போய், ஓட்டம் சேருமா என்று கேட்டேன். சேரும் என்றார்.

ஆஸ்பத்திரியில் நோரீன் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். “கையத் தூக்கினீங்களா, மெர்ல்?” தூக்கினேன், அவர்தான் மாட்டேன் என்றுவிட்டார் என்றேன். ஊரே நம்பியது. ஒன்பது வருடமாக அவர் மாட்டேன் என்று கத்துவதை ஊரே கேட்டிருக்கிறது. கர்ட்டிஸ்தான் நோரீனிடம் போய் உளறியிருக்க வேண்டும். சின்னப் பையன், விவரம் போதாது.

அடக்கம் முடிந்த மறுநாள் டுவெய்னுக்கு டெல்பர்ட்டின் சட்டை எண்ணைக் கொடுத்தோம். இரங்கல் உரையில் வெண்டெல், டெல்பர்ட் களத்திலேயே வீழ்ந்த மாவீரர் என்றார். சொன்னதோடு நிற்காமல் எல்லோரையும் தொப்பியை நெஞ்சில் வைக்கச் சொன்னார். நானும் வைத்தேன். என் பையில் விதை அப்படியே இருக்கிறது. அதை எடுத்துக் கொறிக்க ஆளில்லை. அது ஒன்றுதான் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. மற்றபடி அவர் விரும்பிய மாதிரியே போனார். யாரும் அவரைப் பார்த்து வயதாகிவிட்டது என்று சொல்லவில்லை. நான் சொல்ல விடவில்லை.

அந்த ஓட்டம் தேவைப்பட்டதா என்று கேட்கிறீர்கள். இல்லை. அப்போது நாங்கள் பதினோரு ஓட்டம் முன்னால் இருந்தோம்.

பிளேஆஃபுக்குள் நுழைய அந்த ஆட்டத்தையாவது ஜெயிக்க வேண்டியிருந்ததா என்று கேட்கிறீர்கள். எங்கள் லீக்கில் மொத்தம் ஆறு அணிகள். ஆறும் பிளேஆஃப் ஆடும்.