மழையோடு எதுவும் போவதில்லை

தலைமை தாங்கும் தலைமையாசிரியை அவர்களே, பரிசு வழங்க வந்திருக்கும் சாயப்பட்டறை முதலாளி ஐயா அவர்களே, கையில் சாயம் காயும் முன்பே ஓடி வந்திருக்கும் பெரியோர்களே, மடியில் பிள்ளையோடு தரையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, எனக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் தோழிகளே, உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

கோள்களின் நீர்ச்சுழற்சி பற்றிப் பேசச் சொன்னார்கள். குரல் நடுங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாயைப் பாருங்கள். ஆறு ஓடிய தடம் இருக்கிறது, ஆறு எங்கே? கரை இருக்கிறது, அலை எங்கே? காற்று மெலிந்தது, கடுங்குளிர் கவிந்தது. நீரில் ஒரு பங்கு விண்வெளிக்குத் தப்பியது, மறுபங்கு பாறையிலும் பனியிலும் முடங்கியது. வெள்ளியைப் பாருங்கள். அங்கே மேகம் உண்டு, அமில மழையும் உண்டு. ஆனால் ஒரு துளிகூடத் தரையைத் தொடாது. பாதி வழியிலேயே ஆவியாகிவிடும்.

நம் பூமியோ? ஏறும், இறங்கும், ஓடும், ஊறும், மறுபடியும் ஏறும். உயரத்துக் குளிர்காற்று மூடிபோல் நின்று நீராவியைத் தடுத்து, மழையாகத் திருப்பி அனுப்பும். எதையும் எளிதில் வெளியே விடாத வீடு இது. கைதட்டுகிறீர்கள். எனக்கோ அதை நினைத்தால் பயமாக இருக்கிறது.

ஏன் பயம்? பெருமழை பிடித்ததும் பட்டறையின் கழிவுத்தொட்டியைத் திறந்துவிடுவது இங்கே வழக்கம். தொட்டியின் மடையைத் திறக்கும் இரும்புச் சக்கரத்தைத் திருப்பும் வேலை என் அப்பாவுடையது. அதெல்லாம் எங்கே போகும் என்று ஒருநாள் கேட்டேன். "மழையோட மழையா ஆத்துக்குப் போயிடும்மா. ஒழிஞ்சிடும்" என்றார். அடுப்படியிலிருந்து அம்மா, "ஆமா, நேரா போயி எங்கம்மா வீட்டுல இறங்கிக்கும்" என்றாள்.

சிரியுங்கள். நாங்களும் அன்று சிரித்தோம்.

பிறகு என் தங்கைக்கு முகம் வீங்கியது, கால் வீங்கியது. இப்போது மருத்துவமனையில் ஒரு எந்திரம் அவள் ரத்தத்தைக் கழுவுகிறது. முதலில் தண்ணீரை மாற்றச் சொன்னார் மருத்துவர். எங்கள் அடிபம்புத் தண்ணீரை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றி மாடியில் வைத்தேன். வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. தட்டில் ஊதா நிறத்தில் ஒரு படலம் நின்றது. அம்மா அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். "இதையா பாப்பாவுக்கு ஊத்துனேன்?" என்றாள்.

பெரியோர்களே, சூரியன் தூக்குவது நீரை மட்டும். சாயத்தைத் தூக்காது, உப்பைத் தூக்காது, நாம் செய்ததைத் தூக்காது. மழை கொஞ்சத்தை ஆற்றில் இழுத்துப்போகும். மிச்சம் மண்ணில் இறங்கும், கிணற்றில் ஊறும், குடத்தில் ஏறும், குழந்தைக்குள் போகும். இதுவும் சுழற்சிதானே?

பின்வரிசையில் ஒருவர், "போதும், இறங்கும்மா" என்கிறார். இறங்கிவிடுகிறேன் அண்ணா. நீங்களும் எங்கள் தெருத் தண்ணீரைத்தானே குடிக்கிறீர்கள்?

முதலாளி ஐயா, உங்கள் கையால் பரிசு வாங்க எனக்குத் தைரியமில்லை. தொட்டி நிரம்பியிருக்கிறது, வானமும் கறுத்திருக்கிறது. என் அப்பா ஒருவர் மட்டும் மாட்டேன் என்றால் நாளைக்கு அவருக்கு வேலை இருக்காது. சக்கரத்தைத் திருப்ப வேறொரு கை வரும். எந்தக் கையும் வராவிட்டால்? பட்டறையில் இருக்கும் அத்தனை பேரும் மாட்டோம் என்றால்? அந்தக் கழிவைச் சுத்தம் செய்தாக வேண்டும். வேறு வழியே இல்லை. பட்டறையில் வேலை செய்யும் பெரியோர்களே, அப்பாவைத் தனியாக விட்டுவிடாதீர்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அப்பா, நீங்கள் தலை குனிந்திருப்பது இங்கிருந்தே தெரிகிறது. உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

இவ்வளவு நேரம் என்னைப் பேசவிட்ட உங்களுக்கு நன்றி. இப்போது இறங்கி அப்பா பக்கத்தில் போய் உட்காரப் போகிறேன். மழை வந்து யாராவது அவரைக் கூப்பிட்டால், அவர் கையைப் பிடித்துக்கொள்வேன். இன்னொரு கையை யார் பிடிக்கப் போகிறீர்கள்?

வணக்கம்.