ஆரோக்கியம்மாள் இறந்த இரண்டு தேதிகள்

என் பெயர் இன்னாசி, வயது 41, காலஞ்சென்ற சவரியின் மகன். மொரப்பூர் ரயில் நிலையத்திலிருந்து நான்கு மைலில் உள்ள புளியம்பள்ளத்தில் என் அக்காள் ஞானமேரி வீட்டில் இருக்கிறேன். தொழில் கேட்டீர்கள். பதினாறு வருடம் மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிப் பால் எடுத்தேன், இப்போது அக்காள் காட்டில் களை வெட்டுகிறேன், எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். என் மனைவி புஷ்பமேரியும் இரண்டு பெண் குழந்தைகளும் அந்தத் தோட்டத்திலேயே இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துப் பதினைந்து மாதம் ஆகிறது.

அந்த நாட்டுப் பிரஜை அல்லாதவர்கள் வேலை செய்யத் தனியாக பெர்மிட் வாங்க வேண்டும் என்று சட்டம் வந்ததால், 1970 பிப்ரவரியில் நான் மனுக் கொடுத்தேன். மனைவி அங்கேயே பிறந்தவள் என்பதால் அவளுக்குத் தேவைப்படவில்லை. மனுவை எழுதிக் கொடுத்த, தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி, முடிவு வரும் வரை நாட்டை விட்டு நகரக்கூடாது, நகர்ந்தால் மனுவைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று சொன்னார். இதை நான் ஊருக்கு எழுதவில்லை. வீணாகக் கவலைப்படுவார்கள் என்று நினைத்தேன்.

அதன்பின் ஏப்ரல் மாதம் தாயார் சீரியஸ், உடனே புறப்படவும் என்று தந்தி வந்தது. கிராணி தலையில் அடித்துக்கொண்டார். பெற்றவள் முகத்தைப் பார்க்காமல் பெர்மிட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நான் பினாங்கில் கப்பல் ஏறி, நாகப்பட்டினத்தில் இறங்கி, ரயில் பிடித்து மே முதல் வாரம் மொரப்பூர் வந்து சேர்ந்தேன். அங்கிருந்து வீடு வரை அழுதுகொண்டே நடந்தேன். வாசலில் பந்தல் போட்டிருந்தது. சாவுப் பந்தல் என்று நினைத்து ஓடினேன். வாழைமரம் கட்டியிருந்ததைக் கிட்டே போய்த்தான் பார்த்தேன்.

என் தாயார் ஆரோக்கியம்மாள் உள்ளே முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார். அக்காள் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் கையைப் பிடித்துக் கோயிலுக்கு அழைத்துப் போகாவிட்டால் மாப்பிள்ளை வீட்டில் குறைவாகப் பேசுவார்களாம். கல்யாணம் என்றால் தோட்டத்தில் லீவு கொடுக்க மாட்டான், தாய் சாகக் கிடக்கிறாள் என்றால் கொடுப்பான். கடல் தாண்டி ஆள் இருக்கிற வீடுகளில் எல்லோரும் செய்வதுதான் இது. தாயார் மாவுக் கையோடு எழுந்து வந்து, "வந்துட்டியா சாமி! தந்தி குடுக்கலீன்னா நீ வருவியா?" என்று சிரித்தார். நான் பெண்ணின் கையைப் பிடித்து நடந்தேன், விருந்தும் சாப்பிட்டேன். தாயாரிடம் மட்டும் பேசவில்லை.

அதன்பின் திரும்பிப் போக மதராஸில் விசாரித்தபோது, பெர்மிட் இல்லாமல் டிக்கெட் கிடையாது என்றார்கள். ஆகஸ்டில் கிராணியின் கடிதம் வந்தது. முடிவு தெரிவதற்குள் நாட்டை விட்டுப் போனதால் மனு முடிக்கப்பட்டது, தாயார் இறந்ததற்கு சர்ட்டிபிகேட் அனுப்பினால் ஒருவேளை மறுபடி எடுக்கலாம் என்று எழுதியிருந்தார். அதை அக்காளுக்குப் படித்துக் காட்டினேன். கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்த தாயார் நிமிராமலே, "செத்தாத்தான் உடுவாங்கன்னா செத்ததாவே எழுதிக்கோ. நாந்தான கூப்புட்டு உன்னயக் கெடுத்தேன்" என்றார்.

சொன்னது அவர், போய் எழுத வைத்தது நான். பிறப்பு இறப்பு எழுதும் மணியக்காரர் முனியப்பன் வேறு ஊர்க்காரர், என் தாயாரை முகம் தெரியாது. தாமதமாக வந்ததற்குக் கடல் கடந்து இருந்ததாகச் சொன்னேன். அவர் என்னை நம்பி, 20-4-1970 என்று இறந்த தேதியை எழுதினார். அவர்மேல் குற்றமில்லை. சர்ட்டிபிகேட்டைத் தபாலில் அனுப்பினேன்.

அன்று முதல் தாயார் வீட்டை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. சந்தைக்குப் போவதை நிறுத்தினார். இந்த வருடம் மார்ச்சில் ஓட்டுப் போட ஊரே போனபோது, செத்தவளுக்கு என்ன ஓட்டு என்று உட்கார்ந்துகொண்டார்.

அந்த மார்ச் மாதக் கடைசியில் எனக்குப் பதில் வந்தது. தாயார் மறைவுக்கு அனுதாபம் தெரிவித்து, முடித்த மனுவை மறுபடி எடுக்க இயலாது என்று எழுதியிருந்தார்கள். அதை மடித்து என் டிரங்குப் பெட்டியில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே தாயார் எழுந்து சந்தைக்குப் போய்விடுவார். பொய்த் தந்தி கொடுத்து என் குடும்பத்தைப் பிரித்தவர் இன்னும் கொஞ்ச நாள் செத்தே கிடக்கட்டும் என்று நினைத்தேன். நீங்கள் இதைக் கேட்கவில்லை, ஆனாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதன்பின் ஆகஸ்டு முதல் வாரம் தாயாருக்குக் காய்ச்சல் கண்டு மூச்சு வாங்கியது. தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அக்காள் வண்டி கட்டினார். தாயார் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு, "அங்க பேரு எழுதுவாங்கடி. தம்பிக்குப் பேப்பரு வர்ற வரைக்கும் நா இப்பிடியே இருந்துட்டுப் போறேன், உடுங்க" என்றார். நான் வண்டிக்குப் பக்கத்தில்தான் நின்றேன். பேப்பர் வந்துவிட்டது என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான்கு மாதமாக மறைத்த வாய், அன்றைக்கும் திறக்கவில்லை. மாட்டை அவிழ்த்துக் கட்டினோம். 9-8-1971 திங்கட்கிழமை காலை தாயார் இறந்தார்.

மறுநாள் அடக்கம் செய்துவிட்டு, அதற்கடுத்த நாள் பதிவு செய்யப் போனேன். புதிதாக வந்திருக்கும் மணியக்காரர் ராஜாமணி ஏட்டைப் புரட்டிப் பார்த்து, "இந்தம்மா போன வருசமே போயிட்டாங்களே. ஒருத்தர எத்தன தடவைங்க எழுதறது?" என்று கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன். அவர் கொடுத்த புகாரின் பேரில் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன்.

நான் சொன்னதை ரைட்டர் படித்துக் காட்டக் கேட்டேன். சொன்னபடியே இருக்கிறது, கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை, யாரும் மிரட்டிச் சொல்லவும் இல்லை. எனக்கு என்ன தண்டனை என்றாலும் பழைய பதிவை அடித்துவிட்டு என் தாயார் இறந்த சரியான தேதியை எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். மார்ச் மாதக் கடிதத்தை இத்துடன் ஒப்படைக்கிறேன். அக்காளுக்கு அதை இன்னும் காட்டவில்லை.

(ஒப்பம்) ச. இன்னாசி
14-8-1971

என் முன்பாக,
சப்-இன்ஸ்பெக்டர்