‘இன்னும் ஆடத் தகுதியில்லை’ என்று எழுதிய ரதி அக்காவுக்கு

நோவென்று வந்தோரை நோகாமல் தொட்டவரே, நொந்த மூட்டின் நிலையை நேராய் எழுதியவரே, எங்கள் மில்லிக்கன் இயன்மருத்துவ நிலையத்துக்கு முதல் ஆளாய் வந்து கடைசி ஆளாய்க் கதவைப் பூட்டியவரே, இன்று பணி ஓய்வு பெறும் பெருமதிப்புக்குரிய திருமதி ரதி இராஜரட்ணம் அவர்களே! வணக்கம்.

உங்கள் சிறப்புகளை ஒவ்வொன்றாகச் சொன்னால் நீங்கள் எழுந்து தேநீர்க் கோப்பைகளை அடுக்கப் போய்விடுவீர்கள். ஆகவே ஒன்றை மட்டும் சொல்கிறோம். அது பஸ்ரியனின் கதை. அதைச் சொல்லும்படி கேட்டவரும் அவரே. இப்போது வாசற்பக்க மேசையில் தலையைக் குனிந்தபடி இருக்கிறார்.

ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டில் வளர்ந்த பஸ்ரியன் தொழில்முறைக் கூடைப்பந்துக் கழகம் ஒன்றில் ஆடியவர். நட்சத்திர ஆட்டக்காரர் அல்லர். மாற்று ஆட்டக்காரர்களின் வாங்கில் இருந்து, கூப்பிட்டால் எழுந்து ஓடுகிறவர். அவருடைய ஒப்பந்தம் தை மாதம் வரை உறுதியில்லாதது. தையில் ஒரு தீர்மான நாள் உண்டு. அதற்குள் கழகம் அவரை விலக்கலாம். விலக்காவிட்டால் ஆட்டப் பருவம் முடியும்வரை சம்பளம் உறுதி; இடம் மட்டும் உறுதியில்லை. மார்கழிப் பயிற்சியில் பந்துக்கு எழும்பி இறங்கியபோது அவருடைய இடது முழங்கால் திரும்பிவிட்டது.

பயிற்சியில் காயப்பட்டவரைக் குணமாகும்வரை விலக்கக்கூடாது என்பது அவர்களுடைய விதி. சம்பளமும் நிற்காது, பட்டியலில் அவருடைய இடமும் போகாது. பருவம் முழுவதும் ஆடமாட்டார் என்று மருத்துவர் எழுதினால் கழகம் பதிலாள் ஒருவரைச் சேர்க்க அனுமதி கேட்கலாம். ‘ஆடத் தகுதி’ என்று சிகிச்சையாளரும் ஆட்டக்காரரும் ஒப்பமிட்டாலோ, அன்றோடு பாதுகாப்பு முடிந்தது. பஸ்ரியனின் முழங்கால் இந்த இரண்டு நிலைக்கும் நடுவில் கிடந்தது. ஒப்பமிடும்படி கழகத்தில் ஒருவரும் அவரை நெருக்கவில்லை. அவரை நெருக்கியது வெட்கம்.

நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு தேவாலய மண்டபத்தில் ஒரு பிறந்தநாள் விழா. பகலில் ஒரு வேலை, பின்னேரம் இன்னொரு வேலை என்று ஓடுகிற தங்கத்துரை அங்கிள் எல்லோர் முன்னாலும் கேட்டார்:

“தம்பி, எனக்கும் முழங்கால் நோதான். உங்கட ரீமில எனக்கும் ஒரு வாங்கு கிடைக்குமோ?”

மேசை முழுவதும் சிரித்தது. பஸ்ரியனும் சிரித்தார். பிறகு கொத்துரொட்டியை அப்படியே வைத்துவிட்டுப் போய்க் காருக்குள் இருந்தார். காய்ச்சலோடும் வேலைக்குப் போகிற வீட்டில் வளர்ந்தவர் அவர். காலை நீட்டிக்கொண்டு இருக்கச் சம்பளம் வருவது அவருக்குக் களவுபோல் இருந்தது.

அதைவிடப் பெரிய வெட்கம் டெவோன். உடுப்பு மாற்றும் அறையில் பஸ்ரியனுக்குப் பக்கத்து இடம் டெவோனுடையது. ஒப்பந்தமும் அதே மாதிரியானது. புது ஆள் ஒருவரைச் சேர்க்கக் கழகத்துக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. காயப்பட்டவரைத் தொட முடியாது என்றால், சுகமாக இருப்பவர்தான் போகவேண்டும்.

தீர்மான நாளுக்கு முன், பஸ்ரியன் எங்கள் தரிப்பிடத்தில் காரை நிறுத்தி, முழங்காலில் பனிக்கட்டிப் பையைக் கட்டிக்கொண்டு இருந்தார். வீக்கம் வற்றினால் அளவு குறையும், அளவு குறைந்தால் நீங்கள் ‘ஆடத் தகுதி’ என்று எழுதித் தருவீர்கள் என்று நம்பினார். நீங்கள் இரண்டு முழங்கால்களிலும் கையை வைத்தீர்கள். அளவுநாடாவை எடுக்கவே இல்லை.

“இது மட்டும் ஏன் தம்பி குளிருது? ஒற்றைக் காலாலயே நடந்து வந்தனீர்?”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

“எழுதி விடுங்கோ அன்ரி. சும்மா இருந்து காசு எடுக்க வெட்கமாக் கிடக்கு. என்னால டெவோனை விலக்கப்போகினம்.”

நீங்கள் முழங்காலில் வைத்த கையை எடுக்கவில்லை. அப்படி ஒன்றும் நடக்காது என்று ஆறுதல் சொல்லவும் இல்லை.

“ஓம், விலக்குவினம் போலத்தான் கிடக்கு. எனக்கும் அது வெட்கம்தான். ஆனா நான் எழுதுறது முழங்காலைப் பற்றி.”

“உங்களுக்கென்ன அன்ரி, நீங்கள் மண்டபத்துக்கு வாறேல்லை” என்று சொல்லிவிட்டு அவர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு போனார்.

‘இன்னும் ஆடத் தகுதியில்லை’ என்று எழுதி அனுப்பினீர்கள். டெவோனை விலக்கினார்கள். பஸ்ரியன் பட்டியலில் இருந்தார், சம்பளமும் வந்தது; சிகிச்சைக்கு மட்டும் அவர் வரவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் அவருடைய நேரத்தை நீங்கள் வேறு எவருக்கும் கொடுக்கவிடவில்லை. வரிசையில் ஆட்கள் காத்திருக்கிறார்களே என்று நாங்கள் முணுமுணுத்தோம். இன்று அதை நினைக்க எங்களுக்கு முகம் கூசுகிறது.

மாசியில் ஒரு செவ்வாய் அவர் வந்தார். காரில் ஏற்றிவந்தவர் டெவோன். பஸ்ரியன் மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில், ‘என்னை விலக்கியவர்கள் கழகக் கந்தோரில் இருக்கிறார்கள், நீ ஏன் என் வீட்டுக்கு வந்தாய்?’ என்று டெவோன் கேட்டாராம். அதன் பிறகு, சிகிச்சைக்கு எப்போது போகவேண்டும் என்று கேட்டுக் கார்த் திறப்பை எடுத்தாராம். பஸ்ரியன் கட்டிலில் படுத்து, உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் பழையதைப் பேசவில்லை. காலை மடக்கச் சொன்னீர்கள். அவர் மடக்கினார்.

பங்குனி முடிவில் ‘ஆடத் தகுதி’ என்று எழுதி அவர் பக்கம் நீட்டினீர்கள்.

“ஒப்பம் வைச்சால் விலக்குவினம். தெரியுந்தானே?”

“ஓம் அன்ரி.”

அவர் ஒப்பமிட்டார். அந்தக் கிழமையே கழகம் அவரை விலக்கியது. இரண்டு காலாலும் நடந்து வெளியே வந்தார். இப்போது பள்ளிக்கூடம் ஒன்றில் பயிற்சியாளராக இருக்கிறார்.

ரதி அக்கா, பாராட்ட வந்த இடத்தில் வெட்கத்தைப் பற்றியே பேசிவிட்டோம். எங்களிடம் வருகிறவர்களில் பலர் நோவை மறைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். நோவுக்காக வெட்கப்படுகிறவர் முன்னால் எப்படி நிற்பது என்பதை உங்கள் பக்கத்தில் நின்று பார்த்தோம். இனி நாங்கள் தனியே நிற்கவேண்டும். அதற்கு நாங்கள் தகுதியானவர்களா என்று இன்னும் தெரியவில்லை.

உங்கள் கைகள் ஓய்வு காணட்டும். உங்கள் தோள் நோவுக்கு நீங்களே ஒருவரிடம் போய்க் காட்டுங்கள். நிறைந்த ஆயுளும் குறையாத நலமும் கொண்டு, உங்கள் அன்புக்குரியவர்களோடு நெடுங்காலம் வாழ்வீர்களாக!

இந்த மடலில் ‘முழங்கால் முற்றாகக் குணமாகியது’ என்று ஒரு வரி எழுதியிருந்தோம். வாசித்துப் பார்த்த பஸ்ரியன் அதை வெட்டச் சொன்னார். படி இறங்கும்போது இன்னும் கொஞ்சம் நோகிறதாம்.

என்றும் உங்கள் அன்பை மறவாத
நிலைய ஊழியர்கள்
மில்லிக்கன், ரொறன்ரோ