அந்தக் கேட்டைத் தாண்டுற வரைக்கும்

வேண்டாம்னு சொல்றேன்ல, போனை உள்ள வைங்க சார். ஆம்புலன்ஸும் வேண்டாம், ஆட்டோவும் வேண்டாம். நான் ஒண்ணும் மயங்கி விழல. கெண்டைக்கால்ல சதை பிடிச்சுக்கிச்சு, அதான் இப்படி ஓரமா உட்கார்ந்துட்டேன். மயங்கினவ இவ்வளவு வாய் பேசுவாளா, நீங்களே சொல்லுங்க. மூஞ்சி சிவந்திருக்கா? இந்த வெயில்ல ஓடினா சிவக்காம பின்ன வெளுக்குமா?

தண்ணி குடுங்க, குடிக்கிறேன். அதுக்கெல்லாம் ரோஷப்பட மாட்டேன். பாதியைத் தலையில ஊத்திக்கட்டுமா? அப்பாடா. நல்லா இருப்பீங்க. இன்னும் ஒரே ஒரு உதவி. உங்க ஸ்கூட்டரைக் கொஞ்சம் இந்தப் பக்கமாத் தள்ளி நிறுத்துங்களேன். ஆமா, எனக்கும் அந்த நீலக் கேட்டுக்கும் நடுவுல. நான் உட்கார்ந்திருக்கிறது அந்த வாட்ச்மேன் கண்ணுல பட்டுச்சுன்னா போச்சு, இந்தக் கோடை முழுக்க நாக்குத் தள்ள ஓடினதெல்லாம் வீண். இப்போ ஷிப்ட் மாறும், கேட்டைத் திறப்பாங்க. அவங்க வெளியில வர்றப்போ நான் அதைத் தாண்டி ஓடிட்டிருக்கணும். உட்காரக் கூடாது, படுக்கக் கூடாது, ஒருத்தர் என்னைத் தாங்கிப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகக் கூடாது. அவ்வளவுதான்.

கிறுக்குன்னு நினைக்கறீங்க. நினைச்சுக்கோங்க, நீங்க முதல் ஆள் இல்ல. காலையில ஓடலாமேன்னு நீங்களும் இப்போ கேட்பீங்க, எனக்குத் தெரியும். காலையில பார்க்ல ஓடுறாங்க, நிழல்ல, பாட்டு கேட்டுக்கிட்டு, ஜம்முனு. நான் அப்படி ஓடினா யாருக்கு என்ன லாபம்? ரெண்டு மணி வெயில்ல, இந்த ரோட்டுல, இந்தக் கேட்டு முன்னாலதான் ஓடணும்.

வெயில்கூடப் பரவாயில்ல சார். இந்தப் புழுக்கம் இருக்கே, அதுதான் உசுரை வாங்குது. ஒரு இலை அசையுதா பாருங்க. வேர்வை ஊத்தும், ஆனா காயவே காயாது. ஈரப் போர்வையைப் போர்த்திக்கிட்டு ஓடுற மாதிரி இருக்கும். முதல் நாள் அந்த டிரான்ஸ்பார்மர் வரைக்கும்கூட என்னால வர முடியல. நான் எங்க ஓடினேன் அதுக்கு முன்னாடி? பஸ்ஸைத் துரத்தினதோட சரி. மூக்குக்கண்ணாடிக் கடையில வேலை, நாள் பூரா ஏசியில உட்கார்ந்துக்கிட்டு ஃபிரேம் துடைக்கிற உடம்பு. சாப்பாட்டு நேரத்துலதான் ஓடறேன். எங்க முதலாளி, ஏம்மா, கண்ணாடி மாட்டிப் பார்க்க வர்றவங்க உன் பக்கத்துலதானே மூஞ்சியைக் கொண்டு வரணும், இப்படி வேர்த்து வழிஞ்சுக்கிட்டு நின்னா எப்படின்னு கேட்டார். இப்போ கடையில ஒரு சோப்பு, ஒரு மாத்துத் துணி வெச்சிருக்கேன்.

அப்புறம் கத்துக்கிட்டேன். இந்த மாதிரி நாள்ல வேகமா ஓடறதுதான் முட்டாள்தனம். மெதுவா ஓடணும். எவ்வளவு மெதுவான்னா, ஒரு நாள் தள்ளுவண்டிக்காரர் என்னை முந்திட்டுப் போனார். போனவர் நின்னு, திரும்பிப் பார்த்து, ஏறிக்கிறியாம்மான்னு கேட்டார்! சிரிக்காதீங்க, எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. ஈரத் துண்டைக் கழுத்துல சுத்திக்கணும். தாகம் எடுக்கிறதுக்கு முன்னாடியே குடிக்கணும். தலை லேசாச் சுத்தினா, குளிர்ற மாதிரி இருந்தா, வீம்பு பிடிக்காம நிழலுக்குப் போயிடணும். நிழலுக்குப் போவேன் சார், ஆனா இந்தப் பக்கம் இல்ல. பின்னால சந்துக்குள்ள போய் நிப்பேன். இங்க மட்டும் நிக்க மாட்டேன்.

என் வீட்டுக்காரர் ஆரம்பத்துல, நீ என்ன போலீஸ்ல சேரப் போறியான்னு நக்கல் பண்ணிட்டிருந்தார். இந்த டீ-ஷர்ட் அவரோடதுதான். இப்போ நக்கல் எல்லாம் நின்னுடுச்சு. காலையில எழுந்து பாட்டில்ல உப்பும் சர்க்கரையும் கலந்து என் பையில வெச்சிடறார். சரி, ஓடுன்னு மட்டும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார். எங்க அம்மாதான் இன்னும் ஒத்துக்கல. போன வாரம் லீவு நாள்ல ஓடக் கிளம்பறேன், வாசப்படியில குறுக்க படுத்துட்டாங்க. போறதுன்னா என்னைத் தாண்டிட்டுப் போடின்னு ஒரே அழுகை. பெத்தவளை எப்படித் தாண்டறது? கொல்லைக் கதவைத் திறந்துக்கிட்டு அந்தப் பக்கமா ஓடிட்டேன். திரும்பி வந்தா தட்டை டம்முனு வெச்சாங்க. பயம் சார் அவங்களுக்கு. பயம் எனக்கு மட்டும் இல்லையா என்ன? இருக்கு. ராத்திரி படுத்தா நெஞ்சு அடிக்கிறது காதுல கேட்கும், அப்படியே கேட்டுக்கிட்டுப் படுத்திருப்பேன். அதுக்காக வீட்டுல உட்கார முடியுமா?

இந்தச் சதை வேற, இன்னும் இளகல பாருங்க. ஆமா, நீங்க எங்க இந்தப் பக்கம்? இந்த ரோட்டுல லாரியைத் தவிர ஒண்ணும் வராதே.

அந்தக் கேட்டுக்கா?

ஓ. உள்ளயே வேலையா. சூப்பர்வைசர். இன்னிக்குத்தான் சேர்றீங்களா? எந்தப் பக்கம்? சலவையா, இஸ்திரி ஹாலா?

இஸ்திரி ஹால்.

இந்தாங்க, உங்க பாட்டில். போதும். இல்ல, கோபம் எல்லாம் இல்ல. சரி, ஏன் பொய் சொல்லணும், கோபம்தான். உங்க மேல இல்ல. நீங்க இன்னும் உள்ளயே போகலையே.

நானும் உள்ள போனதில்ல. ஆனா அந்த ஹாலை எங்க வீட்டு அடுப்படி மாதிரித் தெரியும் எனக்கு. ஊர்ல இருக்கிற ஆஸ்பத்திரி, ஹோட்டல் எல்லாத்தோட படுக்கை விரிப்பும் அங்கதான் வருது. ஈரமா வரும், சூடான உருளைக்குள்ள குடுத்து வாங்கி மடிக்கணும். ஆவி அப்படியே மூஞ்சில அடிக்கும். ரெண்டு பக்கமும் வரிசையா ஜன்னல் இருக்கு, பார்த்தீங்கன்னா நல்ல பெரிய ஜன்னல். எல்லாத்தையும் ஆணி அடிச்சு மூடி வெச்சிருக்காங்க. ஏன் தெரியுமா? ரோட்டுத் தூசி உள்ள வந்து வெள்ளை விரிப்புல கறை பட்டுடுமாம்! விரிப்புல கறை படக் கூடாது சார். மனுஷி வெந்தா பரவாயில்ல.

போன வருஷம், இதே மாதிரி ஒரு புழுக்கத்துல, ஒரு பொண்ணு விழுந்துட்டா. மூணாவது உருளைகிட்ட நின்னவ. தலை சுத்துதுன்னு மூணு தடவை சொல்லியிருக்கா, இந்த லோடை முடிச்சுட்டுப் போன்னுட்டாங்க. முடிச்சா. அப்புறம் எழுந்திருக்கல. காரியம் முடியறதுக்குள்ள மேனேஜர் அவ வீட்டுக்கு வந்தார். ஷூவைக்கூடக் கழட்டாம நடு வீட்டுல நாற்காலி போட்டு உட்கார்ந்துக்கிட்டு, ரொம்ப வருத்தமா இருக்கும்மா, ஆனா ஹாலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, இதயம் பலவீனம், இது குடும்பத்துலயே இருக்கும்போல, எங்க கைல என்ன இருக்குன்னார். அழுறதுக்கே ஆளுக்குத் தெம்பில்லாத நேரம், எதிர்த்து யார் பேசுறது?

அதோட முடிஞ்சுதா? இந்த வருஷம் கோடை ஆரம்பிச்சதும் உள்ள இன்னொரு பொண்ணுக்குக் கண்ணை இருட்டியிருக்கு. ஏன்டி, உனக்கும் அவ குடும்பத்து இதயமான்னு கேட்டிருக்காங்க. எல்லாரும் சிரிச்சாங்களாம். சிரிக்காட்டி வேலை போயிடுமே. அன்னிலேர்ந்து எவளும் வாயைத் திறந்து, தலை சுத்துதுன்னு சொல்றதில்ல. பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. அந்தச் சேதி காதுல விழுந்த மறுநாள்தான் நான் ஓட ஆரம்பிச்சேன்.

இதெல்லாம் ஒரு நிரூபணமாம்மான்னு டாக்டரும் கேட்டார். நெஞ்சை எல்லாம் சோதிச்சுப் பார்த்துட்டு, உனக்கு நல்லா இருந்தா அவளுக்கும் நல்லா இருந்ததுன்னு ஆகுமான்னார். ஆகாதாம். சரி, ஆக வேண்டாம். கோர்ட்டுல நிக்காது, ஆஸ்பத்திரியில நிக்காது. அந்தக் கேட்டுல நிக்கும் சார். ஷிப்ட் முடிஞ்சு வர்ற பொண்ணுங்க பார்க்கறாங்க. முதல்ல எல்லாம் குனிஞ்ச தலை நிமிராமப் போவாங்க. இப்போ நின்னு பார்க்கறாங்க. முந்தாநாள் ஒருத்தி வாட்ச்மேனுக்குக் கேட்கிற மாதிரியே, இந்த வேகாத வெயில்ல இவளே ஓடறா, அப்போ உள்ளதான்டி ஏதோ இருக்குன்னு சொன்னா. மேனேஜரும் பார்க்கிறார். கார்ல கண்ணாடியை ஏத்திக்கிட்டு, நான் எப்போ விழுவேன்னு பார்க்கிறார். இன்னிக்கு நான் இங்க விழுந்து, நீங்க ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தீங்கன்னு வைங்க, பார்த்தீங்களா, அன்னிக்கே சொன்னேனேன்னு அவர் சொல்லியிருப்பார். அதுக்கப்புறம் உள்ள ஒரு ஜன்னலாவது திறக்குமா?

சங்கு ஊதிடுச்சு. கையைக் குடுங்க, எழுந்திருக்கணும். ம்... நிக்குது, கால் நிக்குது. வலிக்கத்தான் செய்யும், வலிக்கட்டும்.

நீங்க உள்ள போங்க. போய் முதல் வேலையா மூணாவது உருளைகிட்ட ஒரு லோடு முடியற வரைக்கும் நில்லுங்க, சும்மா நில்லுங்க. அப்புறம் ஒரு ஆணியைப் பிடுங்கறதா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

எனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்னா கேட்கறீங்க? அந்த உருளைகிட்ட விழுந்தாளே, ஸ்கூல்ல ஓட்டப் பந்தயம்னா எப்பவும் அவதான் முதல்ல வருவா. நான் அவ செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓரமா நிப்பேன். என் தங்கச்சி சார் அவ. ஸ்கூட்டரைக் கொஞ்சம் நகர்த்துங்க, கேட்டைத் திறக்கறாங்க.