சர்வரு படுத்துக்கிச்சு

...அது படுத்துக்கும், பழி எம்மேல வரும். இன்னா நாயம் இது, நீயே சொல்லு. பெருக்கறவ நானு, டீ வாங்கியாறவ நானு, ஃபைலு தூக்கறவ நானு, சரி. அதுக்குன்னு கம்ப்யூட்டரு படுத்துக்கினா அதுக்கும் பவுனம்மாவா? "பவுனம்மா, அந்த ரூமுக்குள்ள போயி இன்னா பண்ண?"ன்றாரு மேனேஜரு ராமதாஸ் சாரு. இன்னா பண்ணுவேன், பெத்த புள்ள மாதிரி பாத்துக்கினு கீறேன்.

வா கண்ணு, வாசல்லயே நிக்காத. நர்மதாதான உம்பேரு? பி.சி.ஏ. படிக்கிற பொண்ணு ஒன்னு வரும், ஒரு ஆபீஸ்ல கம்ப்யூட்டருங்களலாம் எப்டி அமைச்சிக்கீதுன்னு எழுதினு போவணுமாம், சுத்திக் காட்டுன்னு சாரு காலையிலயே சொல்ட்டாரு. அவரே காட்டலாம்ல? காட்ட மாட்டாரு. இன்னிக்கி அவரு வாசலுக்கும் மேசைக்குமா நடந்துக்கினு கீறாரு. கிண்டி ஹெட் ஆபீஸ்லேர்ந்து பெரிய சாரு வர்றாரு.

குந்து. எந்தப் பக்கம் நீ? காசிமேடா? காசிமேட்ல எங்க... அட, எந்தம்பி ரகுபதி வூட்டுத் தெரு. மீன் புடிக்க ஃபைபர் போட்டு ஒன்னு வெச்சிக்கீறான், மீச ஒன்னு பெருசா... ஆ, அவனேதான். அவனப் பத்தி அப்பால சொல்றேன், சிரிச்சி சிரிச்சி வவுறு புண்ணாயிடும் உனுக்கு.

இன்னா சொல்லிக்கினு இருந்தேன்... ஆங், பெரிய சாரு. இந்த சர்வரு கீதே, ஒரு மாசமா தெனம் படுத்துக்குது. நல்லாதான் ஓடினு இருக்கும். திடீர்னு "கீ..."ன்னு ஒரு கத்து. அவ்ளோதான், ஆஃபு. அது படுத்துக்கினா ஆபீஸே படுத்துக்குது. நம்ப ஆபீஸ்ல இன்னா வேல? ஹார்பர்ல எறங்குற கன்டெய்னருக்கு பேப்பர் போட்டு வெளிய எடுத்துத் தர்றது. பேப்பரு வர்லன்னா கன்டெய்னரு வராது, லாரி நவுறாது, டிரைவருங்க வாசல்ல நின்னுக்கினு பேசற பேச்சு கீதே... உன் வயசுக்கு அது வேணாம்.

பெரிய சாரு போன்ல சொல்ட்டாராம். நான் வர்ற அன்னிக்கும் படுத்துக்கிச்சுன்னா ராயபுரம் ஆபீஸ இழுத்து மூடிட்டு எல்லாத்தியும் கிண்டிக்குக் கொண்டாந்துருவேன்னு. மத்தவங்க கிண்டிக்குப் போவாங்க. அட்டெண்டரு அங்க ஏற்கெனவே கீறாங்க, எனுக்கு ஒண்டி சீட்டு கிழிஞ்சிடும். மறுபடியும் மீன் கூடையத் தூக்கினு தெருத் தெருவா போவணும். மீன் விக்கிறது கேவலம்னு சொல்லல கண்ணு, அது எங்க தொழிலு, அதுலதான் நான் வளந்தேன். ஆனா முட்டி போச்சி. இங்க எனுக்குன்னு ஒரு ஸ்டூலு கீது. அந்த ஸ்டூல உட மனசு வர்ல, அவ்ளோதான்.

சரி, எழுதிக்கோ. நேரமாவுது.

மேசைக்கு மேசை கீதே, இதுங்களுக்குப் பேரு கிளையன்ட்டு. இதுங்களா ஒன்னியும் பண்ணாதுங்க. எது வேணும்னாலும் உள்ள கீற சர்வராண்ட கேக்கணும். வூட்டுச் சாவி மாமியாரு இடுப்புல இருந்தா மருமவளுங்க இன்னா பண்ணுவாளுங்க, அந்த மாதிரி. இந்த நீல ஒயரு வழியாத்தான் கேக்கும். எல்லா ஒயரும் போயி சேர்ற எடம் தோ, செவுத்துல பச்சப் பச்சயா மின்னுதே, அது ஹப்பு. கீழ கன்னங்கரேல்னு குந்தினு கீறது யூ.பி.எஸ்ஸு. கரண்டு போனா கொஞ்ச நேரம் தாங்கும். அதுல வேற எதுவும் சொருவக் கூடாது. அக்கவுண்ட்ஸ் எல்சி மேடம் ஒரு தபா டீ கெட்டில சொருவிடுச்சு. ஓடியாந்து புடுங்கினது யாரு? நானு. அப்டியாப்பட்ட என்னப் போயி கேக்குறாரு, இன்னா பண்ணேன்னு.

பாஸ்வேர்டா? அதெல்லாம் ரகசியம் பாப்பா, வெளியாளாண்ட சொல்லவே கூடாது. மறந்துடக் கூடாதுன்னுதான் எல்லா கம்ப்யூட்டரு டி.வி. மேலயும் சீட்டுல எழுதி ஒட்டி வெச்சிக்கீது, பாத்துக்கோ.

அப்பறம் பேக்கப்பு. தெனம் சாயங்காலம் சாரு ஒரு டேப்பு எடுத்துக் குடுப்பாரு, பாட்டு கேசட்டு மாதிரி. இங்க தீ கீ புடிச்சா அல்லாம் போயிடுமாம், அத்தொட்டு ஒரு காப்பி வேற எடத்துல இருக்கணுமாம். அந்த வேற எடம் எதுன்ற? எங்கூட்டு அரிசி டிரம்மு. சிரிக்காத, அரிசிக்குள்ள ஈரம் அண்டாது. கஸ்டம்ஸ்காரங்களுக்குத் தெரியுமா, இந்த ஹார்பரோட பாதி ரகசியம் பவுனம்மா வூட்டுப் பொன்னி அரிசிக்கு அடியில கீதுன்னு.

இப்ப சர்வரு ரூமு. செருப்ப அவுத்துடு. கத்திப் பேசாத. தோ, இவருதான்... இரு இரு, கவர எடுத்துடறேன். ஆளு வந்துக்கீற சொல்ல மூஞ்ச மூடிக்கினு கீறது மரியாதயில்ல.

இன்னா பாக்குற? நல்லாக்கீதா? வெல்வெட்டு. ஜஹானாரா டெய்லராண்ட குடுத்துத் தெச்சேன், நான் குந்திக்கினு சொல்லச் சொல்ல தெச்சா. சுத்தி மஞ்ச லேசு. உள்ள பிளாஸ்டிக்கு. கீழ எலாஸ்டிக்கு, ஒரு எறும்பு பூறாது. வூட்ல டி.வி.க்கி, மிக்ஸிக்கி, கிரைண்டருக்கு அல்லாத்துக்கும் கவரு போடறோம். இத்தினி பேருக்கு சோறு போடற வஸ்துவ அம்மணமா உடலாமா?

சும்மா அழவுக்கு இல்ல. இந்த ஊரு தூசி உனுக்குத் தெரியாததா. ஹார்பர்ல கரி எறக்குறான், இரும்பு மண்ணு ஏத்துறான், கொடியில வெள்ள வேட்டி காயப் போட்டா கறுப்பு வேட்டியா எறங்குது. சர்வீஸுக்கு வர்றாரே பக்ருதீன் பாய், அவரு போன மாசம் இத்தத் தொறந்து பாத்துட்டு, "பவுனம்மா, தூசிதான் இதுக்கு எமன்"னாரு. எமனாமே. உட்டுடுவனா? மறுநாளே தெச்சி மாட்டிட்டேன்.

இன்னா கையத் தூக்குற, இது கிளாஸ் ரூமா? கேள்வியெல்லாம் கடைசில. எழுது.

பக்ருதீன் பாய்னு சொன்னேன்ல, இப்ப பேஜாரே அவருதான். படுத்துக்கிச்சுன்னு போன் போட்டா வருவாரு. அவரு படியேறி வர்றதுக்குள்ள நான் கவர அவுத்து மடிச்சி வெச்சிடுவேன். ஆன் பண்ணுவாரு. சோக்கா ஓடும். குந்தினு பாப்பாரு, டீ குடிப்பாரு, பிஸ்கட்டு துண்ணுவாரு, அது பாட்டுக்கு ஓடும். "நல்லாத்தான கீது பவுனம்மா, சும்மா சும்மா கூப்புடறீங்க"ன்னு போயிடுவாரு. அவரு எறங்கிப் போனதும் நான் பழையபடி இழுத்து மூடுவேன். கொஞ்ச நேரம். "கீ..."

இன்னா அர்த்தம் இதுக்கு? அவரு கீற வரிக்கும் நல்லா கீது, அவரு போனதும் படுத்துக்குது. கண்ணு. மனுசன் நல்லாக்கீது நல்லாக்கீதுன்னு வாய் ஓயாம சொல்லிட்டுப் போறாருல்ல, அதான் திருஷ்டி பட்டுடுது. மேல பாரு, எலுமிச்சம்பழமும் மொளகாயும் கட்டிக்கீறேன். அத்த எழுதிக்காத, உங்க வாத்தியாரு மார்க்கக் கொறச்சிடுவாரு.

ஏன் உன் மூஞ்சி ஒரு மாதிரி போவுது? தண்ணி வேணுமா? அப்பறம் இன்னாத்துக்கு அந்த கவரயே காட்டுற? சொல்றேன் இரு, குறுக்கப் பேசாத, எனுக்கு மறந்துடும்.

தோ, மண்ணு லாரி. ஜன்னலு இடுக்குலலாம் வரும் இது. இரு, மூடிடறேன். கைய எடு கண்ணு, எலாஸ்டிக்கு உள்ள போவட்டும். பெரிய சாரு வர்ற நாளாச்சேன்னு மேல ஒரு துண்டும் போத்திடறேன். காலையிலேர்ந்து அப்டித்தான் போத்திக்கீது, உனுக்காவத்தான் அவுத்தேன். ஆங். இப்ப பாரு, கல்யாணப் பொண்ணு கணக்கா.

இன்னா... ஓ, ரகுபதி கத சொல்றேன்னேன்ல.

அவன் ஒரு அறிவுக்கொழுந்து. போன மழைக்கி அந்த போட்ட எடுத்துக்கினு எண்ணூர் முகத்துவாரத்தாண்ட போயிக்கினு கீறான். மழ ஊத்துது. இஞ்சினு நனையுதேன்னு இவனுக்கு ஒரே அழுவாச்சி, புது இஞ்சினு. இன்னா பண்ணான்? தான் மாட்டிக்கினு கீற ரெயின்கோட்ட அவுத்தான். ஓடிக்கினு கீற இஞ்சினு மேல போத்தினான். போத்தி, கயிறு போட்டுக் கட்டினான். கட்டினது பத்தாதுன்னு மேல தட்டிக் குடுத்துக்கினே வர்றான், தூங்குடா ராசான்னு.

கொஞ்ச தூரம் போச்சி. பொக. அப்பறம் ஒரு கத்து. ஜாமு. நட்டாத்துல நின்னுக்கினு ஒன்னியும் புரியாம எலுமிச்சம்பழம் கீதான்னு பக்கத்து போட்டாண்ட கேட்டானாம். முகத்துவாரக்குப்பத்து ஆளுங்கதான் கயிறு போட்டு இழுத்தாந்தாங்க. கரையில குப்பமே நின்னு சிரிக்குது. நான் கேட்டேன், "ஏண்டா பேமானி, மூச்சு உடுற வஸ்துவ மூடிக் கட்டினா சூடு எங்கடா போவும்?" அன்னிலேர்ந்து ஞாயித்துக்கிழம அவன் வூட்டுக்குப் போனா, சோறு துண்றதுக்கு முன்னாடி கேப்பேன், "இன்னாடா, இஞ்சினுக்கு ஸ்வெட்டரு பின்னிட்டியா?"ன்னு. மீசையெல்லாம் துடிக்கும் அவனுக்கு. அவன் பொண்டாட்டி சிரிப்பா, புள்ளைங்க சிரிக்கும், எனுக்கு அந்த வாரம் பூரா அதுவே போதும்...

இன்னா சொன்ன?

மறுக்கா சொல்லு.

அய்ய, அது இஞ்சினு, இது கம்ப்யூட்டரு. இது இன்னா டீசலா குடிக்குது... உள்ள ஃபேனு கீதா? எதுக்கு ஃபேனு? காத்து எங்கேர்ந்து வரும், பின்னால ஓட்ட ஓட்டயா கீதே அது வழியா... அதுல தூசி பூந்துடப் போவுதுன்னுதான நான் பிளாஸ்டிக்கு...

கீ... ன்னுது.

கேட்டியா? நெசமா கேட்டியா, எனுக்கு ஒண்டிதான் கேட்டுச்சா? ...தோ, சாரு கத்துறாரு. "பவுனம்மா, படுத்துக்கிச்சு"ன்னு. வரேன் சாரு. கண்ணு, நீ இன்னா பண்ற, கவர ஏன் உருவுற... எங்கைய எதுக்கு இழுக்கற...

யம்மா. இட்லிச் சட்டி மாதிரி கொதிக்குது.

...

பாய் கீற சொல்ல கவரு இல்ல. பாய் போனதும் கவரு. ஒரு மாசமா கவரு. ஒரு மாசமா...

அடிப் பாவி பவுனு.

சிரிக்காதடி. எனுக்கு அழுவாச்சி வருது, சிரிப்பும் வருது, எது மொதல்ல வரும்னு தெரில. பாவம் அந்த பாய் கண்ணு, நான் அவரு கண்ணத் திட்டாத நாளில்ல. இப்ப இன்னா பண்றது? ஆறணுமா? எத்தினி நேரம் ஆறணும்? சாரு, பெரிய சாரு எங்க கீறாரு சாரு? ...கல்மண்டபத்தாண்டயா? லாரிங்க நடுவுல மாட்டிக்கினாரா? அந்த டிரைவருங்க குடும்பமெல்லாம் நல்லா இருக்கட்டும். நம்ப பேப்பரு வராததால நிக்கிற லாரிதான அதெல்லாம். ஊது, நீ அந்தப் பக்கம் ஊது. உன் நோட்டக் குடு, விசுறுறேன். ஜன்னலத் தொற. மண்ணு வந்தா வரட்டும், சாயந்தரம் தொடச்சிக்கிறேன்.

ஆறிடுச்சா? கைய வெச்சிப் பாரு. அந்த பட்டன அழுத்து. நான் தொடல, நான் தொட்டதெல்லாம் போதும்.

...மின்னுது. எல்லாம் எழுத்து எழுத்தா போவுது. பின்னால கைய வெச்சிப் பாத்தேன் கண்ணு, காத்து வருது, வெதுவெதுன்னு, நம்பள மாதிரியே பெருமூச்சு உடுது. ஒரு மாசமா உட முடியாத மூச்சு.

காரு சத்தம். இந்த கவரப் புடி. மஞ்ச லேச உள்ள தள்ளிச் சுருட்டி உம் பைல வெச்சிக்கோ, யார் கண்ணுலயும் படக் கூடாது. ராமதாஸ் சாராண்ட நானே சொல்லிக்கிறேன், பாயாண்ட நானே போயி மன்னிப்புக் கேக்கறேன், உங்க வாத்தியாராண்ட நீ எழுதிக்கோ, எம்பேரு போட்டே எழுதிக்கோ. ஆனா எந்தம்பி ரகுபதியாண்ட ஒண்டி சொல்லிடாத...

வாங்க சாரு, வணக்கம். செருப்பா? போட்டுக்கினே வாங்க சாரு, பரவால்ல. சர்வரா, தோ, காத்து வாங்கிக்கினு கீது. ...ஆமா சாரு, ஜன்னலு தொறந்துதான் கீது, அதுக்கு மூச்சு முட்டக் கூடாதுல்ல. ...இல்ல சாரு, படுக்காது. இனிமே படுக்காது. நீங்க குந்திக்கினு எத்தினி நேரம் வேணா பாருங்க. ...மெய்யாலுமா சாரு? ஆபீஸு இங்கயே இருக்கட்டும்றீங்களா? சரிங்க சாரு. சரிங்க. டீ கொண்டாரேன்.

அப்பாடி. எம் ஸ்டூலு தப்பிச்சிது கண்ணு. கேட்டியா, நர்மதா...

எங்க போனா இவ?

ஏ நர்மதா! தோ, இங்க, ஜன்னல்லேர்ந்து கூப்புடறேன் பாரு. சொல்லிக்காம கொள்ளாம எறங்கிட்ட. காலேஜு அந்தப் பக்கம்தான கீது, நீ ஏன் காசிமேட்டுப் பக்கம் போற? ஏன் ஓடுற? ஏன் அப்டி சிரிச்சிக்கினே ஓடுற? அடியே, மஞ்ச லேசு வெளிய தொங்குது, ஊரே பாக்குது.

பைய மூடுடி. நல்லா இழுத்து மூடு.