சங்கு ஊதிய வானொலி

அவைக்குத் தலைமையேற்று அமைதியே வடிவாய் அமர்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் சிவப்பிரகாசம் ஐயா அவர்களே! தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் இறங்கி அரும்பொன் அள்ளிவரும் அண்ணன்மார்களே! அவர்கள் ஏறிவரும் வரை அடுப்பை அணைக்காமல் அமர்ந்திருக்கும் அன்னையர்களே! ராபர்ட்சன்பேட்டையில் கடையை முன்னதாகச் சாத்திவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே! மாணவக் கண்மணிகளே! இந்த இன்பராஜின் இதயம் கனிந்த வணக்கம்.

நம் கல்லூரி வானொலிக்கு இன்று ஐந்து வயது. அதன் பெருமையைப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். நான் என் பிழையைப் பேச வந்திருக்கிறேன்.

அறுபத்தெட்டாம் ஆண்டு, நான் இங்கே மாணவன். பௌதிகக் கூடத்தின் மூலையில் ஓர் அறை, ஒரு மைக், ஒரு டேப் ரிக்கார்டர். மூன்று மைலுக்கு மேல் எட்டாத சோதனை ஒலிபரப்பு. இரவு ஒன்பதரை முதல் பதினொன்று வரை நானே ராஜா, நானே மந்திரி! புதுமை செய்ய வேண்டும் என்று ஒரு பித்து. புல்லாங்குழலோடு பட்டறைச் சத்தத்தைக் கலந்தேன். தவிலோடு ரயிலை ஓடவிட்டேன். யாரங்கே சிரிப்பது? சிரியுங்கள் ஐயா, அன்று கேட்டவர்கள் அழுதார்கள்!

ஒருநாள் ஷிப்ட் மாற ஊதும் சுரங்கச் சங்கை டேப்பில் பிடித்துவந்தேன். இரவு பத்தே முக்காலுக்கு, வீணை இசையின் நடுவே அதை முழங்கவிட்டேன். கலை என்று நினைத்தேன். கலையா அது? நேரங்கெட்ட நேரத்தில் சங்கு ஊதினால் கீழே பாறை வெடித்துவிட்டது என்று இந்த ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியுமே! சுரங்கத் தொழிலாளியின் மகன், எனக்குத் தெரியாதா? தெரியும். கைதட்டல் ஆசையில் மறந்தேன். ஒரு வீட்டு ரேடியோவில் ஊதினால் அது ரேடியோ. தொழிலாளர் வீட்டு லைன் முழுக்க எல்லா ரேடியோவிலும் ஒரே நொடியில் ஊதினால்?

ஓடினார்கள். சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்ட் வாசலுக்குப் பெண்கள் ஓடினார்கள். பின்னாலேயே நானும் ஓடி, "ஒண்ணும் ஆகலீங்க, ரேடியோதாங்க!" என்று கத்தினேன். திட்டிவிட்டுத் திரும்பினார்கள். ஒருவர் மட்டும் திரும்பவில்லை. எங்கள் எதிர்வீட்டு ஜெயம்மா அக்கா. கணவர் காத்தவராயன் பத்து மணிக்குத்தான் நைட் ஷிப்டுக்கு இறங்கியிருந்தார். அக்காவின் கையில் குழம்புக் கரண்டி. ஆள் கணக்கு வைக்கும் டைம் ஆபீசிலும் சொல்லிப் பார்த்தார்கள்.

"ஆளக் கண்ணால பாத்தாதான் போவேன்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

காலை ஆறு மணி வரை உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டவில்லை. ஆறு மணிக்கு ஆட்களைத் தூக்கிவரும் கேஜ் மேலே வந்தது. காத்தவராயன் அண்ணன் வெளியே வந்து, "இன்னாடி, கரண்டியோட வந்து நிக்கிறே?" என்றார். அப்போதுதான் அக்கா அழுதார். நானும் அழுதேன்.

அன்றே முதல்வர் ஐயா வானொலி அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். அது நியாயம். மூன்றாம் நாள் ஜெயம்மா அக்கா அவரைத் தேடி வந்தார். என்னைக் கல்லூரியை விட்டே துரத்தச் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது என்ன?

"சார், கெட்ட சேதி சொல்லச் சங்கு இருக்குது. நல்ல சேதி சொல்ல இன்னா இருக்குது? ரூமைத் தொறந்து வுடுங்க. ஷிப்டு ஆளுங்க மேல ஏறிட்டாங்கன்னு இந்தப் புள்ளயத் தினம் சொல்லச் சொல்லுங்க."

எத்தனை புதுமை தேடினேன் நான்! ஏழு கடல் தாண்டித் தேடினேன்! எதிர்வீட்டு அக்காவுக்கு எது வேண்டும் என்று ஒருநாளாவது கேட்டேனா? முதல்வர் ஐயா என்னைத் திட்டிக்கொண்டேதான் சாவியை எடுத்தார். அன்று முதல் இன்றுவரை, இரவு ஷிப்ட் மாறியதும் டைம் ஆபீசிலிருந்து ஒரு சீட்டு வருகிறது. பாட்டை நிறுத்திவிட்டு அதைப் படிக்கிறோம். நான் செய்த சோதனைகளில் தேறியது அது ஒன்றுதான். அதுவும் என்னுடையது அல்ல.

இந்த மேடை மைக்கும் இப்போது ஒலிபரப்பில்தான் இருக்கிறது. மணி பத்தரை. இதோ, சீட்டு வந்துவிட்டது. முன்வரிசையில் இருக்கும் ஜெயம்மா அக்கா, எழுந்திருக்க வேண்டாம், உட்கார்ந்தே கேளுங்கள். இன்று அண்ணனுக்குப் பத்து மணிக்கு முடியும் இரண்டாம் ஷிப்ட்.

இறங்கியவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஏறியவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர்.

கேட்ட உங்களுக்கும், கேட்கச் சொல்லித் தந்த அக்காவுக்கும் நன்றி. வணக்கம்.