எஞ்சின் மூக்குல வெச்ச துணி

ராத்திரி பத்தர மணி வண்டி. அத்திப்பட்டுல அவன் ஒருத்தன்தான் எறங்குனான். டேசன தாண்டுனா உப்பளத்து ரோடு. ரெண்டு பக்கமும் பாத்தி, பாத்தி பூரா சேறு... ஒரு வெளக்கு கெடையாது. நாய்கூட அந்நேரத்துக்கு அந்தப் பக்கம் போவாது.

யாருன்றியா? வீரராகவன். நம்ம வெல்டரு நாகமுத்து கீறான் இல்ல, அவனோட அக்கா புருசன். நாகமுத்து இன்னிக்கி ஷிப்ட்டுக்கு வரல, அதான் தைரியமா சொல்றேன். அவன் எதிர்ல எவனும் வாயத் தொறந்துடாதீங்க. மெஷினு தொடைக்கிற வேஸ்ட்டு துணிய அவன் கையால தொடமாட்டான், கவனிச்சிருக்கீங்களா? சட்டையிலயே தொடைச்சிக்குவான். ஏன்னு இப்ப தெரியும். ஜோசப்பு, பீடிய அணைச்சிட்டு கிட்ட வந்து குந்து. கரண்டு வர்ற வரைக்கும் இந்தக் கும்மிடிப்பூண்டியில வேற இன்னா வேல நமக்கு?

ஐ.ஆர். எட்டு நெல்லு வந்த புதுசு. பூச்சி வுழுந்து பயிரு கருகுதுன்னு சின்ன ஏரோப்ளேன் வெச்சி மருந்து அடிச்சாங்க. பொன்னேரிக்கு அந்தாண்ட, சண்டக் காலத்துல வெள்ளக்காரன் போட்ட பழைய ரன்வேயிலேர்ந்து அது கெளம்பும். அதுக்கு எஞ்சின் மெக்கானிக்கு இந்த வீரராகவன். வேல தெரிஞ்சவன்தான், இல்லன்னு சொல்லல. ஆனா எவனாவது ஒரு வார்த்த சொல்லிட்டா, "எனக்கே பாடமா?"ன்னு எகிறுவான். அவ்ளோ திமிரு.

எஞ்சினுக்கும் மூச்சு வுட ஒரு மூக்கு கீது. காத்து உள்ள போற ஓட்ட. அத்தத் தொறந்து வேல செய்யச்சொல்ல, மண்ணு தூசி போவாம துணி வெச்சி அடைப்பாங்க. அடைச்சா அதுல ஒரு செவப்பு நாடா கட்டி வெளிய தொங்க வுடணும். மறந்துட்டாலும் கண்ணுல படும் இல்ல? அதான் சட்டம். இவனாவது, நாடா கட்றதாவது! பொண்டாட்டி குப்பாயியோட பழைய மஞ்சப் பொடவையக் கிழிச்சி எடுத்தாருவான், அத்த அப்டியே உள்ள சொருவுவான்.

அன்னிக்கும் சொருவுனான். எடுக்கல...

பைலட்டு பேரு சுப்பிரமணி. தங்கமான மனுசன். ஏறச்சொல்ல கேட்டாரு, "வீரா... எல்லாம் பாத்தியா?"

இவன் நாஷ்டா துன்னுகினு இருந்தான். தலையக்கூட தூக்கல. "எல்லாம் பாத்தாச்சி சார், நீ கெளம்பு"ன்னான்.

போவச்சொல்ல நல்லாத்தான் போச்சி. துணி ஒரு ஓரமா ஒட்டிக்கினு இருந்திருக்கு. வயலுக்கு மருந்து அடிச்சிட்டு, உப்பளத்து மேல திரும்பி, ஒசர ஏறணும்னு முழு வேகம் குடுத்தாரு பாரு... உள்ள இழுத்துக்கிச்சி. டப்... டப்... டர்ர்ர்... அப்பறம் சத்தமே இல்ல. மூச்சு அடைச்சிட்டா எஞ்சினு இன்னா பண்ணும்? தலகுப்புற வந்து சேத்துல சொருவிக்கிச்சி.

ஜீப்ப எடுத்துக்கினு மொதல்ல போய்ச் சேந்தவன் வீரராகவன். சுப்பிரமணி உசுரோடதான் இருந்தாரு. மூஞ்சி சேத்துக்குள்ள. கையி மட்டும் வெளிய தடவி, இவன் கணுக்கால புடிச்சிச்சி. அந்தப் படுபாவி இன்னா பண்ணான் தெரியுமா? கால உதறிக்கினு எஞ்சினாண்ட போனான். கைய வுட்டு துணிய உருவுனான். இடுப்புல சொருவிக்கினான். அதுக்கப்பறம்தான் ஆளப் பாக்க வந்தான். அதுக்குள்ள அந்தக் கையி ஆடறது நின்னுபோச்சி.

விசாரணைக்கு ஆபீசருங்க வந்தாங்க. "தண்ணி போட்டுக்கினு ஏறுனாரு சார்"னு வாய் கூசாம சொன்னான். செத்தவரு எழுந்து வந்து இல்லன்னு சொல்லவா போறாரு? அவரு சம்சாரம் செல்வி இவன் ஊட்டு வாசல்ல வந்து நின்னுச்சி. "அவரு அத்த மோந்துகூட பாத்ததில்லண்ணே... நீங்களே இப்டி சொல்லலாமா?"ன்னு அழுதுச்சி. இவன் கதவ சாத்திக்கினான். துணிய ஏற்கெனவே அடுப்புல போட்டு எரிச்சாச்சி. சாம்பல தென்னமரத்தாண்ட கொட்டியாச்சி. இத்த நெனைச்சா இப்பவும் எனக்கு வயிறு எரியுது.

சரி, ரோட்டுக்கு வா.

அதெல்லாம் நடந்து ஒரு மாசம் போயிருக்கும். அதே உப்பளத்து ரோடு. நடந்துக்கினு கீறான். திடீர்னு எண்ட்ரின் நாத்தம். பூச்சி மருந்து... மூக்க அறுக்குது. காத்தே இல்ல, நாத்தம் மட்டும் எங்கேர்ந்து வரும்?

மேல... டப்... டப்... டர்ர்ர்...

அண்ணாந்து பாத்தான். நச்சத்திரம்தான் கீது. சத்தம் நின்னுச்சி. அப்பறம் ஒசரத்துலேர்ந்து எறங்கற மாதிரி, உஸ்ஸ்ஸ்ஸ்... தலைக்கி மேல வந்திச்சி. கண்ண மூடிக்கினான். ஒண்ணும் வுழல.

பாத்திக்குள்ள, களக்... களக்... சேத்துலேர்ந்து எதுவோ தன்ன உருவிக்கினு வருது. அப்பறம் ஒரு கொரலு. தொண்ட பூரா சேறு இருந்தா எப்டி வரும், அப்டி.

"வீரா... எல்லாம் பாத்தியா?"

செருப்ப அங்கியே வுட்டுட்டு ஓட்டம் புடிச்சான். ஊட்டுக்குள்ள வந்து வுழுந்தான். குப்பாயி வெளக்க எடுத்தாந்து பாத்தா, கணுக்கால்ல ஈர சேறு... அஞ்சு வெரலு தெரியுது. அப்பத்தான் எல்லாத்தயும் கக்குனான். நாடா கட்டாதது, கால உதறுனது, ஆபீசராண்ட பொய் சொன்னது, எல்லாம். பொண்டாட்டிகிட்ட சொன்னான், சொல்ல வேண்டிய செல்விகிட்ட சொல்லல பாரு.

"நாளைக்கி மொத வேலையா அந்தம்மா கால்ல போய் வுழு"ன்னா குப்பாயி.

"என் வேல போயிடும்டி"ன்னான். அந்த நெலமையிலயும்! சொல்லிட்டுப் படுத்தான். "மூச்சு முட்டுது, கதவத் தொற"ன்னான். தொறந்து வுட்டா. காலையில பாத்தா ஆளு போயாச்சி.

மார் அடைச்சிப் போச்சின்னாரு டாக்டரு. இருக்கலாம்... நான் இன்னாத்த கண்டேன்?

பொணத்துக்கு மூக்குல பஞ்சு வெக்கணும் இல்ல? மச்சான்றதால நாகமுத்துதான் வெச்சான். பஞ்சு உள்ள போவல. மறுபடி அழுத்துனான். போவல. எதுவோ தடுக்குது. ரெண்டு வெரல வுட்டு மெதுவா இழுத்தான். துணி... மஞ்சத் துணி. இழுக்க இழுக்க வந்துகினே கீது. குப்பாயி அத்தப் பாத்துட்டு, "ஐயோ, இது எரிச்ச பொடவையாச்சே!"ன்னு கத்திட்டு மயங்கி வுழுந்துட்டா.

நாகமுத்து என்னாண்ட ஒரு தபாதான் சொன்னான். பொணம் சில்லுனு கெடந்திச்சாம். துணி மட்டும்... இப்பத்தான் ஓடி நின்ன எஞ்சினாட்டம் சுட்டுதாம்.